செவிப்பறைக்கு அப்பால் ஒரு மருந்து

நாகபுரியில் ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நாம் மருத்துவத்தைப் பற்றி எழுதப் புகுவது நேயர்களுக்கு வியப்பைத் தரலாம். நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழை பிற தமிழ்க் குடும்பங்களில் நேராதிருக்க வேண்டும் என்னும் விழைவே இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை எம் அன்னையாருக்கு இடச்செவி திடீரெனக் கேளாமற் போயிற்று. வலியில்லை, காய்ச்சலில்லை, காதினுள் ஓயாத இரைச்சல் மட்டும் இருந்தது. குறும்பி அடைத்திருக்கும் எனக் கருதி, பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை நாள்தோறும் விட்டு வந்தோம். பதினொரு நாட்கள் இவ்வாறு கழிந்தன. பன்னிரண்டாம் நாள் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கேட்கும் திறனைக் கருவியால் அளந்து பார்த்து, "அடைப்பு ஏதுமில்லை, உட்செவி பாதிக்கப்பட்டிருக்கிறது. முதல் நாளே வந்திருக்கலாமே!" என்றார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

எண்ணெய் ஏன் பயன்படவில்லை? செவி மூன்று அறைகளைக் கொண்டது. புறச்செவியின் முடிவில் செவிப்பறை என்னும் சவ்வு உண்டு. அதற்கு அப்பால் நடுச்செவி. அதற்கும் அப்பால் எலும்புக்குள் நத்தை ஓடு போன்ற உட்செவி. நாம் விடும் எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். நோயோ மூன்றாம் அறையில் இருந்தது.

இதற்கு ஸ்டீராய்டு மாத்திரை உண்பது வழக்கம். ஆயினும் அன்னையாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அம்மாத்திரை இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்திவிடும். ஆகவே மருத்துவர் மருந்தை நேரே செவிக்குள் செலுத்த முடிவு செய்தார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, செவிப்பறையை மரக்கச் செய்து, மெல்லிய ஊசியால் அரை மில்லி லிட்டர் அளவு மருந்தை நடுச்செவியில் நிரப்புகின்றனர். நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே வட்டச் சாளரம் என்றொரு சிறு சவ்வு உண்டு. அதன் வழியே மருந்து ஊறி உள்ளே செல்கிறது. நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு குழல் செல்வதால், எச்சில் விழுங்கினால் மருந்து வடிந்துவிடும். ஆகவே அரை மணி நேரம் பேசாமலும் விழுங்காமலும் கிடக்க வேண்டும். இரண்டு வாரங்களில் நான்கு ஊசிகள் போடப்பட்டன. சிறிது நேர வலியும் தலைச்சுற்றலும் உண்டு. சிலருக்குச் செவிப்பறையில் துளை நின்றுவிடுவதும் உண்டு.

இம்முறை வெறும் சோதனை முயற்சியன்று. அமெரிக்காவில் 250 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி, திடீர்ச் செவிட்டுக்கு இவ்வூசி மாத்திரையினும் குறைந்ததன்று எனக் காட்டியது.

இதன் வரலாறு பழையது. கடுந் தலைச்சுற்றல் உட்செவியிலிருந்தும் எழலாம் என 1861இல் பாரிஸ் மருத்துவர் மெனியே எடுத்துரைத்தார். அவர் பெயர் தாங்கிய நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை நடுச்செவியில் செலுத்திய அனுபவத்தை 1956இல் ஷுக்னெக்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். தலைச்சுற்றல் நின்றது, பலருக்குக் கேட்கும் திறனும் உடன் போயிற்று. பின்னர் ஜென்டாமைசின் அவ்விடத்தைப் பெற்றது. அதுவும் கேட்கும் திறனைக் குறைக்கக் கூடுமாதலால், பிற வழிகள் பயனளிக்காதபோதே அளந்து தருகின்றனர்.

எம் அன்னையாருக்குப் பாதியளவு கேட்கும் திறன் திரும்பியது. வாசலில் அழைக்கும் குரல் கேட்கிறது. பேரக்குழந்தை காதோடு சொல்லும் இரகசியம் அச்செவியில் கேட்பதில்லை. முன்னரே சென்றிருந்தால் முழுவதும் திரும்பியிருக்கும் என உறுதி கூற எவராலும் இயலாது. ஆயினும் அந்தப் பதினொரு நாட்கள் நாம் வீணாக்கியவை.

ஆதலின் நேயர்களே, ஒரு செவி திடீரெனக் கேளாமற் போனால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாதீர். அன்றே காது மருத்துவரை நாடுக. முதல் இரண்டு வாரங்கள் பொன்னானவை. மொழி தடையாயின், எந்தச் செவி, எந்நாள், எந்நேரம், வேறென்ன நோய், என்ன மருந்து என்பவற்றைத் தாளில் எழுதி, இந்தி அறிந்த அண்டை வீட்டாரை உடனழைத்துச் செல்க. பிறந்த ஊரைவிட்டு வந்த நமக்கு, வீட்டு முதியோரின் தமிழ்ப் பேச்சே ஊர். அவர்கள் செவியைக் காப்பது நம் கடமை.