கதிரவனும் கடைக்கணக்கும்

மின்னியல் துறையினர் எழுதவேண்டிய பொருளைத் தமிழாசிரியன் கையிலெடுப்பானேன் என்று மாணவர்கள் வியக்கலாம். காரணம் ஒரு குடும்பச் செய்தி. துணிக்கடை நடத்தும் என் தாய்மாமா, கடையின் மாடியில் சூரிய மின்தகடுகளை அமைத்தார். இனி மின்வெட்டுக்கு அஞ்சவேண்டியதில்லை என்று விற்றவர் உறுதி கூறியிருந்தார். அடுத்த வாரமே ஒரு நண்பகலில் மின்சாரம் நின்றது. வெளியே வெயில் கொளுத்தக் கடை மட்டும் இருண்டு கிடந்தது. "தம்பி, வெயில் இருக்கிறது, தகடு இருக்கிறது, கரண்டு எங்கே?" என்று மாமா கேட்டார். விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

சிலிக்கன் தகட்டின்மீது ஒளி படும்போது நேர்மின்சாரம் பிறக்கிறது. இன்வெர்ட்டர் என்னும் கருவி அதனை மாறுமின்சாரமாக்கிக் கடையின் கம்பிகளில் சேர்க்கிறது. மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பாயின், வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தன்னை நிறுத்திக்கொள்ளும். இது குறையன்று, காப்பு. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிரை நம் மாடியிலிருந்து பாயும் மின்சாரம் பறித்துவிடக் கூடாதல்லவா? மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமாயின் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும், செலவும் கூடும். இதனை வாங்கும்முன் சொல்லியிருந்தால் மாமாவுக்கு மனவருத்தம் நேர்ந்திராது.

அவ்வாறாயின் வணிகருக்கு ஆதாயம் எங்கே உள்ளது? பகற்பொழுதில்தான். வீட்டின் மின்செலவு பெரும்பாலும் மாலைக்குப்பின் மிகும்; கடையிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் பகலில் மிகும். கதிரவன் வழங்கும் வேளையும் தொழில் கேட்கும் வேளையும் ஒன்றாதலால், விளைந்த மின்சாரம் சேமிப்புச் செலவின்றி அவ்விடத்திலேயே பயன்பட்டுவிடுகிறது. வணிக இணைப்புக்குரிய உயர்ந்த கட்டணத்தில் வாங்கவேண்டிய யூனிட்டுகள் அந்த அளவுக்குக் குறைகின்றன. 1 கிலோவாட் அமைப்புக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். தகடுகள் 25 ஆண்டுகள் வரை உழைக்கும். இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்றவேண்டி வரலாம்.

இக்கணக்கைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்த தொழில் நிறுவனம் நம் அண்டை மாநிலத்திலேயே உள்ளது. அது கொச்சி பன்னாட்டு விமான நிலையம். அவர்கள் எடுத்த எடுப்பில் பெருமுதல் போட்டுவிடவில்லை. 2013 மார்ச்சில் வருகை முனையத்தின் கூரைமீது 100 கிலோவாட் அளவில் சோதித்துப் பார்த்தனர். அது தேறியபின் அதே ஆண்டில் மேலும் 1 மெகாவாட் சேர்த்தனர். 2015 ஆகஸ்டு 18 அன்று, 45 ஏக்கர் நிலத்தில் 46,150 தகடுகள் கொண்ட 12 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. முற்றிலும் சூரிய ஆற்றலால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்னும் பெயரும் கிடைத்தது.

விமான நிலையம் இரவிலும் இயங்குமே, அப்போது என் செய்வர்? பகலில் மிகுவதை மாநில மின்வாரியத்துக்கு வழங்கி, இரவில் திரும்பப் பெறுகின்றனர். பேட்டரி இல்லை, வாரியமே களஞ்சியம். செலவு சுமார் 62 கோடி ரூபாய். நாள்தோறும் ஏறத்தாழ 50,000 யூனிட் விளைந்தால் ஆண்டுக்கு 1.8 கோடி யூனிட்டுக்குமேல் ஆகும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று கொண்டாலும் ஆறாண்டுகளுக்குள் முதல் மீண்டுவிடும். இது நான் போட்ட கணக்கு. பராமரிப்பைச் சேர்த்தால் சற்று நீளலாம். தகடுகளைக் கழுவும் நீரில் அவற்றின் இடையே காய்கறியும் விளைவிக்கின்றனர். 2018இல் ஐக்கிய நாடுகள் அவை இந்நிறுவனத்துக்குப் 'புவியின் நாயகர்' விருது வழங்கியது.

ஆயினும் கொச்சியின் ஏற்பாடு எல்லா ஊர்க் கடைக்கும் பொருந்திவிடாது. மிகுந்த மின்சாரத்துக்கு வாரியம் தரும் விலையும், அதற்கான விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அவ்வப்போது மாறவும் செய்யும். எனவே ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளை எடுத்துவைத்துப் பகற்செலவு எவ்வளவு என்று கண்டு, அந்த அளவுக்கே தகடு வாங்குவது நலம். மாடியில் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமா இப்போது நான்கு விளக்குகளுக்கும் பில் போடும் இயந்திரத்துக்கும் மட்டும் தனியே ஒரு சிறு பேட்டரி வைத்துக்கொண்டார். மின்வெட்டின்போது ஏசி நின்றுதான் போகிறது. மாதக் கட்டணம் குறைந்திருப்பதால் அதைப் பற்றி அவர் இப்போது குறைபட்டுக்கொள்வதில்லை. வாரந்தோறும் விடியற்காலையில், தகடு சூடேறுமுன், கடைப்பையன் மாடிக்குச் சென்று தூசியைக் கழுவிவிட்டு வருகிறான்.