மோவாயில் அடி, காதோரம் முறிவு

சென்னைப் புறநகரில் பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து ஓட்டிப்போகிறவர்கள் ஏராளம். சட்டென்று பிரேக் போட்டால் பிள்ளையின் மோவாய் கைப்பிடியில் இடிக்கும். தோல் கிழியும், ரத்தம் கொட்டும், தையல் போடுவார்கள். எலும்பு முறிந்திருப்பது வேறிடத்தில்.

காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உருள்கிறதே, அதுதான் கீழ்த்தாடையின் தலை. அதற்குக் கீழே கழுத்துப் பகுதி ஒடுக்கமானது. மோவாயில் விழும் அடி எலும்பு வழியே ஏறி அந்தக் கழுத்தை முறிக்கும். சில சமயம் இரண்டு பக்கமும். அரை ஹெல்மெட் மோவாயை மூடாது என்பதால் பெரியவர்களுக்கும் இதே கதிதான்.

வாய் திறக்கும்போது அந்தத் தலை முதலில் சுழலும், பிறகு முன்னால் வழுக்கும். தலைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. வட்டு நழுவினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். சிலருக்கு வலியும் சேரும். அந்தத் தாடைக் கழுத்து முறிந்து கோணலாகக் கூடினால், வாய் திறக்கையில் தாடை முறிந்த பக்கமாக ஒதுங்கும், பல் சரியாகக் கடிபடாது. வருடங்கள் கழித்து மூட்டு தேய்வதும் உண்டு.

பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. நசுங்கிய மூட்டுக்குள் கசிந்த ரத்தம் நாளடைவில் எலும்பாகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்டிவிடலாம். வாய் திறக்காது. தாடை வளர்ச்சிக்கு முக்கியமான இடமும் அதுதான் என்பதால் மோவாய் உள்வாங்கி, முகம் ஒரு பக்கமாகச் சாயும். சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு முட்டும்.

அதனால்தான் பிள்ளைகளுக்குக் கம்பி கட்டிப் பல வாரம் வாயை மூடி வைப்பதில்லை; சீக்கிரமே அசைக்கச் சொல்கிறார்கள். மூட்டு ஒட்டிக்கொண்ட பிறகு அறுவை செய்து எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கலாம்; நெற்றிப்பொட்டுத் தசையை அதில் வைத்துத் தைக்கலாம், விலா எலும்பால் புதுத் தலை அமைக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் வாய்ப் பயிற்சி செய்யாவிட்டால் மறுபடி ஒட்டும். வலியில் பிள்ளை அழும்போது மனம் இளகிப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. உயிர் காக்கும் திட்டம், சந்தேகமில்லை. தாடை மூட்டைக் கவனிக்க வேண்டிய காலமோ அதையும் தாண்டி வருடக்கணக்கில் நீள்கிறது.

மோவாயில் தையல் விழுந்த பிள்ளையின் வாயில் அதன் விரல்களே மூன்று நுழைகின்றனவா, தாடை ஒதுங்குகிறதா, முன்பற்கள் சேர்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் முகத்தாடை அறுவை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி.