ஏட்டுக் கட்டும் கணிப்பொறிப் பதிவேடும்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடிகளைக் கண்டோர், ஏட்டின் ஓரத்தில் எண் இட்டிருப்பதையும் துளைவழியே கயிறு கோத்திருப்பதையும் அறிவர். நடுவில் ஓர் ஏடு தொலைந்தால், பின்வரும் ஏடுகள் இருந்தும் பொருள் தொடராது. கணிப்பொறித் தரவுகளைக் காக்கும் ‘லாக் ஷிப்பிங்’ என்னும் முறைக்கும் இவ்வரிசையே உயிர்நாடி.

தரவுத்தளத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் ‘லாக்’ எனப்படும் பதிவேட்டில் வரிசையாக எழுதப்படுகிறது. முதலில் தரவுத்தளம் முழுவதையும் ஒருமுறை படியெடுத்து, வேறிடத்துத் துணைச் சேவையகத்தில் நிறுவுவர். பின்னர்ப் புதிய பதிவுகளை மட்டும் அனுப்பி, அங்கே வரிசை பிறழாது சேர்ப்பர். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் படியெடுத்தல், அனுப்புதல், சேர்த்தல் என இவை தனித்தனிப் பணிகள். நாம் மாற்றாதவரை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நிகழ்வன.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை அடையச் சில நாட்கள் ஆகும். இங்கும் அத்தகைய இடைவெளி உண்டு. அறுவடை முடித்த உழவர் வங்கியில் பயிர்க்கடனைச் செலுத்திய ஐந்தாம் நிமிடத்தில் முதன்மைச் சேவையகம் அழிந்தால், அவர் செலுத்திய தொகை துணையிடத்தில் இல்லாமற்போகலாம். அவர் கையிலுள்ள ரசீதே அப்போது சான்று! ஆயினும், இவ்விடைவெளியை வேண்டுமென்றே நீட்டுவாரும் உளர். தவறான அழிப்பாணை ஒன்று துணையிடத்தில் சேருமுன் தடுத்துவிடலாம் அன்றோ?

பதிவுகளை இடையறாது அனுப்பும் இதனையொத்த முறையைக் கையாண்ட கிட்லேப் நிறுவனத்தில், 2017 சனவரி 31 அன்று துணைச் சேவையகம் பின்தங்கியது. அதற்கு வேண்டிய பதிவுகளோ முதன்மையில் முன்னரே நீக்கப்பட்டிருந்தன. தொலைந்த ஏடு என்பது இதுவே. மீண்டும் முழுப்படி எடுக்க முயன்ற பொறியாளர், துணையென எண்ணி முதன்மையின் கோப்புகளையே அழித்துவிட்டார். வழக்கமான காப்புப்படியைத் தேடியபோதுதான், மென்பொருள் பதிப்பு முரணால் அது எடுக்கப்படாமலே இருந்தமை புலனாயிற்று. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குமுன் வேறொரு தேவைக்காக எடுத்திருந்த படியே கைகொடுத்தது. இடைப்பட்ட தரவுகள் மீளவில்லை.

ஆகவே, ‘அனுப்பப்பட்டது’ என்னும் செய்தியோடு நிர்வாகியின் கடமை முடிவதில்லை. துணையிடத்தில் இறுதியாகச் சேர்ந்த பதிவு எது, எந்நேரத்தது என அவர் நாள்தோறும் நோக்குதல் வேண்டும். அவ்வப்போது துணைச் சேவையகத்தை ஒத்திகையாக இயக்கி, கணக்குகளை மூலத்தோடு ஒப்பிடுதலும் இன்றியமையாதது. ஒத்திகைக்குப்பின் தொடர் அறுந்துவிடுமாதலால், துணையை மீண்டும் முழுப்படியிலிருந்தே தொடங்க நேரும். இச்சிரமம் கருதியே பலர் ஒத்திகையைத் தள்ளிப்போடுகின்றனர்.