61 ஊராட்சிகளுக்கு ஒரே கையெழுத்து

ஏரி வற்றிவிட்டது. வரத்துக் கால்வாயில் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது. மதகுக் கதவு துருப்பிடித்துவிட்டது. ஜேசிபி வைத்து இரண்டு நாள் வேலை பார்த்தால் கால்வாய் சீராகிவிடும். அந்தச் செலவுக்கு நீங்கள் யாரிடம் போவீர்கள்?

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் பலருக்கு இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. திருவள்ளூர் உட்பட 28 மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தனர். கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் மட்டும் 61 கிராம ஊராட்சிகள் உள்ளன. அத்தனை தலைவர்கள் பார்த்த வேலையும் ஒரே மேசைக்கு வந்துவிட்டது. அதிகாரி எவ்வளவு நல்லவரானாலும் 61 ஊர்க் கால்வாய்களையும் நடந்து பார்க்க அவரால் முடியாது.

நிதியிலும் சிக்கல் உண்டு. மத்திய நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உள்ள ஊராட்சிகளுக்கே கிடைக்கும். 15-வது நிதிக்குழு விதிப்படி அதில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரப் பணிகளுக்கு; மீதி 40 சதவீதம் ஊரின் மற்ற தேவைகளுக்கு. 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் நடக்காதபோதும் இந்த மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஊராட்சிகளுக்கு ஆலைகள் மூலம் சொத்து வரியும் தொழில் வரியும் வருகின்றன. அங்கே பணம் இருக்கலாம். எந்த வேலை முதலில் என்று முடிவெடுக்க ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். நெல்லை மட்டும் நம்பிய ஊராட்சிக்கு அரசு மானியத்தை விட்டால் வேறு வழி குறைவு.

பயிருக்குப் பருவம் உண்டு. அரசுப் பணத்துக்கு நிதியாண்டு உண்டு. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில்தான் ஏரியும் வற்றத் தொடங்குகிறது. அப்போதே மதிப்பீடு தயாரானால் ஆடிக்குள் வேலை முடியும். கோப்பு நான்கு மாதம் தாமதித்தால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தூர் வாராத கால்வாய்த் தண்ணீர் ஏரிக்கு வராமல் வேறு வழியில் ஓடிவிடும். பாதிப்பு நவரைப் பட்டத்தில் தெரியும். முதலில் காய்வது கடைமடை வயல்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

உங்கள் ஏரி யார் பொறுப்பில் உள்ளது என்று உறுதி செய்யுங்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். மனு தவறான அலுவலகத்துக்குப் போனால் ஒரு பருவமே வீணாகும்.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு. மார்ச் 22, மே 1 கூட்டங்களை விடாதீர்கள். கால்வாயின் சர்வே எண், நீளம், பாசனம் பெறும் ஏக்கர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

வண்டல் மண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் வரை இலவசம். ஏரியும் ஆழமாகும், மணற்பாங்கான வயலில் ஈரமும் நிற்கும். ஆனால் ஆலைக் கழிவு கலக்க வாய்ப்புள்ள ஏரி என்றால், உப்பும் கன உலோகமும் பரிசோதிக்காமல் ஒரு டிராக்டர் மண்கூட வயலில் கொட்டாதீர்கள்.

ஐந்தாண்டு முடிவதற்குள் ஊராட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு. கிராம சபையில் கால்வாயைப் பற்றிக் கேட்கும்போது, தேர்தல் எப்போது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றிய கேள்விதான்.