ஏற்காட்டுச் சோப்பும் காஸ்டிக் சோடாவும்

ஏற்காடு போய்த் திரும்புகிறவர்களின் பையில் மிளகு, காபித்தூளோடு இப்போது மூலிகைச் சோப்பும் இருக்கிறது. இதை வீட்டிலேயே செய்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆலைகள் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிடும் கிளிசரின் வீட்டுச் சோப்பில் அப்படியே தங்கும். தோலுக்கு அது நல்லது.

சேர்வராயன் மலையில் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் அங்கே கட்டியாக உறைந்துவிடும். இளஞ்சூட்டில் உருக்கினால் தீர்ந்தது. எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூட்டம் இறங்கும் நாளில் பொட்டலம் திறந்து கிடந்தால், தராசு காட்டும் எடையில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். சோப்பு பிசுபிசுவென்று நின்றுவிடும்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று 174 கிராம் போடுவார்கள். அதே அளவு நல்லெண்ணெய்க்குச் சுமார் 135 கிராம்தான். எண்ணெயை மாற்றி, அளவை மாற்றாமல் விட்டால் தோலை அரிக்கும் கட்டிதான் கிடைக்கும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் சரி. அலுமினியம் கூடவே கூடாது, அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். அச்சிலிருந்து எடுத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும்.

பெண்களுக்கு இது கைத்தொழில் என்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் விற்பதென்றால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும்.

என் கவலை வேறு. மிஞ்சிய சோடாக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைக்கும் பழக்கம். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். குழந்தை ஒரு மிடறு விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து, பின்னால் சுருங்கிப்போகும், ஆண்டுக்கணக்கில் சிகிச்சை. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எலுமிச்சைச் சாறும் கொடுக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து பெரிய மருத்துவமனை என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர வேண்டும். கரைசல் உடம்பில் பட்டால் 20 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவுங்கள்.

தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் சோப்பு காய்ச்ச வேண்டாம். அரப்பும் சீயக்காயும் போதும். மற்றவர்கள் சோடா டப்பாவில் பெயர் எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள்.