ஆதார் சொல்லும் சாதி

தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் நம்மில் பலர் இரவு தங்குவது தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையோர லாட்ஜுகளில்தான். அறை கேட்டால் ஆதார் கேட்கிறார்கள். சென்னையில் ‘காலனி’ என்பது வெறும் குடியிருப்பு. கிராமத்து முகவரியில் அது சேரியைக் குறிக்கும். ஊர் விவரம் தெரிந்தவர் வரவேற்பறையில் இருந்தால், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. “ரூம் இல்லை” என்றால் உண்மைக் காரணத்தை நிரூபிப்பதும் எளிதல்ல.

1917-இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கர், பார்சிப் பெயர் சொல்லியே பார்சி விடுதியில் தங்க முடிந்தது. உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். அமெரிக்கப் படிப்பும் அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. விடுதிகளில் நுழையச் சாதி தடையாகக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. தீண்டாமையின் பெயரால் தடுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால், நம் கையிலுள்ள ஆதார் அட்டை தானாக மாறாது; ஒவ்வொருவரும் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் ஊர்தோறும் முகாம் நடத்தி, கட்டணமின்றி முகவரியைத் திருத்தித் தர வேண்டும்.