கரியமில வாயு கூடினால் கோலார் வயல் செழிக்குமா?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அது பயிருக்கு உணவுதானே, கூடினால் விளைச்சலும் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். பாதி உண்மைதான். மறுபாதியை, 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள வயல்களில் பார்க்கலாம். கர்நாடகத்தின் கோலார், வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மாவட்டம். ஏரியும் ஆழ்துளைக் கிணறும்தான் இங்கே கதி.

இலையின் நுண்துளைகள் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போகிறது. நீர் ஆவியாகி வெளியேறுவதும் அவற்றின் வழியேதான். வாயு மிகுந்தால் துளையைக் குறைவாகத் திறந்தாலே போதும், நீர் மிச்சமாகும். ஆனால் வெப்பமும் கூடும்போது வறண்ட காற்று இலையின் நீரை மேலும் வேகமாக இழுக்கிறது, மிச்சம் கரைந்துபோகிறது. இரவு வெப்பம் ஏறினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இதே மாவட்டத்தின் சீனிவாசபுரத்து மாமரங்கள் நன்கு பூக்கக் குளிர்ந்த, வறண்ட இரவுகள் வேண்டும். இந்த இழப்புகளைக் கூடுதல் வாயு ஈடுகட்டாது. 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளை நிரப்பிவருகிறதே என்பார்கள். அது நிலத்தடி நீருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஏரி நிரம்பினாலும் மாமரத்துக்கு வேண்டிய குளிர் திரும்பிவராது.

இங்கே விளையும் ராகியின் அமைப்பே வேறு. வெப்பம் மிகுந்தால் தக்காளி இலை கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்து, சேர்த்த ஆற்றலில் ஒரு பகுதியை வீணாக்கும். ராகியோ கரியமில வாயுவை இலையின் உள்ளறைகளில் திரட்டி வைத்துக்கொண்டு உணவு சமைக்கிறது; துளையை அகலத் திறக்கத் தேவையில்லை. அதனால் காற்றில் வாயு கூடுவதால் அதற்குப் பெரிய லாபம் கிடையாது. குறைந்த நீரில், கூடிய வெப்பத்தில் தாக்குப்பிடிப்பதுதான் அதன் பலம். அதற்கும் மழை வேண்டும் என்பதை மறுக்கவில்லை.

தக்காளி தரும் பணத்தை ராகி தருமா என்று விவசாயி கேட்பது நியாயம். குடும்பம் நடத்துகிறவருக்குப் பயிரின் உடற்கூறு மட்டும் போதாது. எதை நடுவது என்பதில் அரசு முன்பே தலையிட்டிருக்கிறது: நிலத்தடி நீரைக் காக்க 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடைவிதித்தது கர்நாடகம். அது சரியான முடிவு. ஆனால் தடை மட்டும் விவசாயிக்கு வருமானம் தராது. ராகியை ஆதரவு விலையில் தாராளமாகக் கொள்முதல் செய்து, பணத்தைத் தாமதமின்றி வழங்க அரசு முன்வர வேண்டும்.